கை கொடுப்பதா, கும்பிடுவதா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)

தலைவர் அவர்களே, நமக்குப் பாடம் சொல்லிக் கொடுத்த ஆசிரியப் பெருமக்களே, ஆண்டுக்கு ஒரு தடவை கூடி அடுத்தவன் தலையில் எத்தனை முடி பாக்கி என்று எண்ணிப் பார்க்கும் என் இனிய நண்பர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மேடையில் நிற்பதால் ஒரே வணக்கத்தில் தப்பித்துவிட்டேன். கீழே இறங்கினால்தான் சங்கடம். காலையில் பதிவு மேஜைப் பக்கம் நின்றவர்கள் பார்த்திருப்பீர்கள். ஒருவர் கையை நீட்டுகிறார், எதிரே வருகிறவர் கும்பிடுகிறார். உடனே இவர் கையை மடக்கிக் கும்பிட, அதற்குள் அவர் கையை நீட்டிவிட்டார்! அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் ஒருவர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு வர, நம்ம மயிலாப்பூர் ஆசாமி ஒருவர் பயந்து தூணுக்குப் பின்னால் போய்விட்டார். இதைப் பற்றிப் பேசினால் என்ன என்று தோன்றியது. செயலாளர் எனக்குக் கொடுத்த தலைப்பு "மாறிவரும் சமுதாயம்". சமுதாயம் எங்கே மாறுகிறது என்று கேட்டால், முதலில் கையில்தான் மாறுகிறது என்பேன்.

தமிழன் தொட்டுப் பழகாதவன், கட்டிப்பிடிப்பதும் முத்தம் கொடுப்பதும் வெள்ளைக்காரன் வழக்கம் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. நம் வீட்டுப் பாட்டிகள் பேரனை உச்சி முகர்ந்தார்கள். கன்னத்தைத் தடவி, அந்த விரலைத் தன் உதட்டில் வைத்து முத்தம் கொடுத்தார்கள். முகத்தை இரண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தார்கள். படபடவென்று சொடக்கு விழுந்தால், "எவ்வளவு கண்ணு பட்டிருக்கு பாருடி!" என்பார்கள். இதைவிட நெருக்கமான வரவேற்பு பாரீஸில் உண்டா?

கட்டிப்பிடிப்பதும் நமக்குப் புதிது இல்லை. அதைச் சாவு வீட்டுக்கு என்று ஒதுக்கி வைத்திருந்தோம், அவ்வளவுதான். கிராமத்தில் துக்க வீட்டுக்குள் நுழைகிற பெண்கள் ஒருவர் தோளில் ஒருவர் கை போட்டு, வட்டமாகக் கட்டிக்கொண்டு அழுவார்கள். பல ஊர்களில் ஆண்கள் வரிசையாக வந்து, கொள்ளி வைத்தவனின் கையைத் தொட்டுவிட்டுப் பேசாமல் போவார்கள். அங்கே வணக்கம் கிடையாது, "போயிட்டு வரேன்" கிடையாது. வாய்க்கு வேலை இல்லாத இடத்தில் கையை நம்பினார்கள்.

ஆகவே நம்மிடம் தொடுதல் இருந்தது. ஆனால் ரேஷனில் இருந்தது. யாரை யார் தொடலாம் என்பதற்குக் கார்டு இருந்தது. மயிலாப்பூர் மாட வீதிகளில் வளர்ந்தவர்களுக்கு "தள்ளி நில்லு, மடி!" என்ற குரல் இன்னும் காதில் இருக்கும். பெரியவர்களைப் பார்த்தால் அபிவாதயே சொல்ல வேண்டும். ரிஷி, கோத்திரம், சூத்திரம், பெயர் எல்லாம் வரிசையாக ஒப்பிக்க வேண்டும். அந்தக் காலத்து விசிட்டிங் கார்டு அது. ஐயங்கார் வீடுகளில் சேவிப்பது. எத்தனை தரம் விழுந்தார் என்பதை வைத்தே வடகலையா தென்கலையா என்று சொல்லிவிடலாம். வணங்கும்போதே குலமும் கூடவே வெளியே வந்துவிடும்.

இதெல்லாம் அழகுதான். ஆனால் இதே கும்பிடுதான் இன்னொரு தெருவில் வேறு வேஷம் போட்டது. தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, பத்தடி தள்ளி நின்று, "கும்பிடறேன் சாமி" என்று ஒரு மனிதன் சொன்னான். பதிலுக்கு ஒரு தலையசைப்பு வந்தால் பெரிது. 1950-இல் அரசியல் சட்டத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. சட்டம் ஒழித்ததைக் கை ஒழிக்க நாளாயிற்று. ஒரே ஆபீஸில் மேலதிகாரியும் கடைநிலை ஊழியரும் கை குலுக்கினால் அது ஆங்கில மோகம் என்று சிரிப்பவர்களை எனக்குப் பிடிக்காது. அந்தக் குலுக்கலில் குலம் கோத்திரம் கேட்கிறவர் இல்லை. தூரத்தில் நின்று கும்பிட்டவனின் பேரனுக்கு அது என்ன என்று கேட்டுப் பாருங்கள், சொல்வான்.

அதற்காகக் கும்பிடுவது மட்டம் என்று நான் சொல்லவில்லை. ஒரு சுவையான விஷயம் சொல்கிறேன். கத்தோலிக்கத் திருப்பலியில் சமாதான முத்தம் என்று ஒரு சடங்கு, பழைய காலத்திலிருந்தே உண்டு. இந்திய ஆயர்கள் கேட்டுக்கொண்டபடி, 1969 ஏப்ரலில் ரோமாபுரி 12 மாறுதல்களுக்கு அனுமதி கொடுத்தது. அதில் ஒன்று, அந்த இடத்தில் கைகூப்பி வணங்கிக்கொள்ளலாம் என்பது. புனிதப் பொருள்களை முத்தமிடுவதற்குப் பதிலாக, விரலால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் என்பதும் உண்டு. நம் பாட்டி செய்ததேதான்! சாந்தோம் பேராலயத்தில் தமிழ்த் திருப்பலிக்குப் போனால், பக்கத்தில் இருப்பவர் யார் என்று தெரியாமலே எல்லோரும் எல்லோரையும் கும்பிடுவதைப் பார்க்கலாம். அங்கே கும்பிடு தள்ளி நிறுத்தவில்லை, கிட்டே கொண்டுவருகிறது. கொஞ்சம் நடந்து கபாலி கோயில் பக்கம் வந்தாலும் அதே கைதான். திருவல்லிக்கேணியில் பெருநாள் தொழுகை முடிந்து தோளோடு தோள் தழுவிக்கொள்வதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். எல்லாம் நம் பேட்டைதான்.

தி.நகரில் கும்பிடு வியாபாரத்துக்குப் போய்விட்டது. உஸ்மான் ரோடு ஜவுளிக்கடை வாசலில் நாள் முழுக்கக் கைகூப்பி நிற்கும் பெண்ணுக்கு யாராவது பதில் வணக்கம் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா? இது சும்மா இடையில் தோன்றியது.

கைகுலுக்கல் நம் குடும்பங்களுக்குள் நுழைந்த வழி கல்யாண ரிசப்ஷன் மேடை என்பது என் எண்ணம். மாப்பிள்ளைக்குக் கை, பெண்ணுக்குக் கும்பிடு என்று ரொம்ப நாள் ஓடியது. இப்போது பெண்ணே முதலில் கை நீட்டுகிறாள். கட்டிப்பிடிப்பதற்குச் சினிமா துணை செய்தது. 2004-இல் வந்த 'வசூல்ராஜா எம்.பி.பி.எஸ்.' படத்தில் கமல்ஹாசனும் வசனகர்த்தா கிரேசி மோகனும் சேர்ந்து 'கட்டிப்புடி வைத்தியம்' என்று ஒரு சொல்லைத் தமிழுக்குக் கொடுத்தார்கள். முத்தம் மட்டும் இன்னும் தகராறுதான். 2007-இல் டெல்லி மேடையில் ரிச்சர்ட் கியர் ஷில்பா ஷெட்டியின் கன்னத்தில் முத்தமிட்டதற்கு வழக்குப் போட்டார்கள். அந்த அம்மாள் விடுவிக்கப்பட 2022 ஆயிற்று. முத்தமிட்டவர் ஊருக்குப் போய்விட்டார், பதினைந்து வருஷம் இழுபட்டவர் இவர். இதில் ஒரு நியாயம் உண்டா?

தொடுவதற்குப் பயந்த காலம் ஒன்று நம் வயதுக்காரர்களுக்கு ஞாபகம் இருக்கும். 1986-இல் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைச் சென்னையில்தான் டாக்டர் சுனிதி சாலமனின் குழு கண்டுபிடித்தது. தொட்டால் வராது, கை குலுக்கினால் வராது என்று சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. மறு ஆண்டு லண்டனில் இளவரசி டயானா கையுறை இல்லாமல் ஒரு நோயாளியின் கையைக் குலுக்கினார். அந்த ஒரு புகைப்படம் செய்த வேலையை நூறு துண்டுப் பிரசுரம் செய்திருக்காது.

பிறகு 2020 வந்தது. இந்தத் தடவை தொடக்கூடாது என்பதே வைத்தியம். மார்ச் மாதம் பாரீஸில் அதிபர் மக்ரோன் ஸ்பெயின் ராஜா ராணியைக் கைகூப்பி வரவேற்றார். லண்டனில் இளவரசர் சார்லஸும் கும்பிட்டார். கும்பிட்டும் கொரோனா அவரை விடவில்லை, அது வேறு கதை. "பார்த்தாயா, நம்ம வணக்கம் உலகத்தையே ஜெயிச்சுடுத்து!" என்று நமக்கெல்லாம் பெருமை தாங்கவில்லை. ஆனால் அதே மாதங்களில் நாம் கட்டிக்கொள்ள வைத்திருந்த ஒரே இடமும், அந்தச் சாவு வீடும், பூட்டிக் கிடந்தது. அப்பாவைப் பறிகொடுத்த நண்பன் வாட்ஸ்அப்பில் இரண்டு கை கூப்பிய படத்தை வாங்கிக்கொண்டான். அது போதவில்லை. நம் வகுப்பில் அப்படி வாங்கினவர்கள் யார் யார் என்று உங்களுக்கே தெரியும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது இதுதான். மந்தைவெளியிலும் அடையாறிலும் எத்தனை ஃபிளாட்டுகளில் நம் வயதுக்காரர்கள் தனியாக இருக்கிறார்கள்! பிள்ளை கலிஃபோர்னியாவில், பெண் சிட்னியில். தினமும் வீடியோவில் முகம் பார்க்கிறார்கள், குறையில்லை. ஆனால் வாரம் முழுக்க அவர்கள் மேல் ஒரு மனித விரல் பட்டால், அது ரத்தம் எடுக்க வரும் லேப் பையனுடையதாக இருக்கும். பெண்கள் நிலை இன்னும் ஒரு படி மேலே. நவராத்திரிக் கொலுவில் குங்குமம் வைத்துவிடுவது நம் ஊரில் பெண்கள் ஒருவரை ஒருவர் தொடும் அழகான வழக்கம். கணவன் போன மறுநாளே அந்த விரல் அவர்கள் நெற்றிக்கு வருவதில்லை. மஞ்சள், குங்குமம், பூ எல்லாம் கூடத்தில், அவர்கள் சமையலறையில். அப்படிப்பட்ட ஒருத்தியை, பழைய ஹாஸ்டல் தோழி "ஏண்டி, எப்படி இருக்கே?" என்று ஓடிவந்து கட்டிக்கொண்டால், அதை மேல்நாட்டு நாகரிகம் என்று யாராவது குறை சொல்ல வாருங்கள், நான் சண்டைக்குத் தயார்.

அதே மூச்சில் இன்னொன்றும் சொல்ல வேண்டும். கூடப் படித்தவள்தானே என்று, கேட்காமல் தோளில் கை போடும் ஆண்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அவர் கைகூப்பினால் நீங்களும் கைகூப்புங்கள். கை நீட்டினால் கை கொடுங்கள். அதற்கு மேல் அவர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் காரிடாரில் பேசக்கூட தைரியம் இல்லாத ஆசாமிகளுக்கு இப்போது மட்டும் என்ன அவசரம்?

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். சாம்பார் சாதம் ஆறுகிறதாம். சாப்பாட்டுக்குப் போகிற வழியில், முன் வரிசையில் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நம் பேராசிரியர் கையை எல்லோரும் ஒரு தடவை பிடித்துவிட்டுப் போங்கள். அவரிடம் கேட்டுவிட்டேன், சரி என்று சொல்லியிருக்கிறார். சானிடைசர் பக்கத்து மேஜையில் இருக்கிறது.