சாணம் யாருடையது?

(வண்டியூரில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



பானையில் அரிசி இருந்தால் மட்டும் போதாது. அடுப்பில் தீயும் வேண்டும். நம் நாட்டில் எரியும் சமையல் எரிவாயுவில் பாதிக்கு மேல் கப்பலேறி வருகிறது. 1973-இல் அரபு நாடுகள் எண்ணெய் அனுப்புவதைக் குறைத்தன. சில மாதங்களுக்குள் விலை ஏறக்குறைய நான்கு மடங்கு ஏறியது. எங்கோ யுத்தம் மூண்டால் வண்டியூரில் கஞ்சி காய்ச்சும் செலவு கூடுகிறது! பூமிக்கடியில் உள்ள எண்ணெய் எடுக்க எடுக்கக் குறையும். சாணமும் குப்பையுமோ அன்றாடம் சேர்கின்றன.

அவற்றிலிருந்து எரிவாயு கிடைப்பது மந்திரமல்ல, விஞ்ஞானம். சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்து, காற்றுப் புகாத தொட்டியில் விட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் அதைத் தின்று வாயுவை வெளியிடும். அதில் பாதிக்கு மேல் மீத்தேன். கண்மாய்ச் சேற்றைக் கம்பால் குத்தினால் குமிழி வருகிறதே, அதிலும் இந்த வாயுதான் இருக்கிறது.

இது புதிய சரக்கும் அல்ல. 1897-இலேயே பம்பாய் மாதுங்கா தொழுநோய் விடுதியில் கழிவிலிருந்து வாயு எடுத்தார்கள். 1960-களில் கதர் கிராமத் தொழில் கமிஷன் சாண எரிவாயுத் தொட்டிகளை ஊர் ஊராகப் பரப்பியது. 1981-இல் மத்திய சர்க்கார் தேசியத் திட்டமே வகுத்தது.

கணக்கைப் பாருங்கள். 25 கிலோ சாணம் போட்டால் 1 கன மீட்டர் வாயு. ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 2 கன மீட்டர் இருந்தால் சமையல் முடியும். எஞ்சும் குழம்பு வயலுக்கு நல்ல எரு. வறட்டி தட்டி எரித்தால் தழைச்சத்து புகையாய்ப் போய்விடும். தொட்டியில் போட்டால் அடுப்பும் எரியும், எருவும் மிஞ்சும்.

ஆனால் 50 கிலோ சாணத்துக்கு நான்கைந்து மாடு வேண்டுமே! கூலிக்கு நாற்று நடும் தாயிடம் எத்தனை மாடு இருக்கிறது? நேற்றுவரை மேய்ச்சல் தரையில் சாணம் பொறுக்கி, வறட்டி தட்டி, அவள் அடுப்பெரித்தாள். மாடுள்ளவர் வீட்டில் தொட்டி வந்ததும் சாணத்துக்கு மதிப்பு வந்துவிடுகிறது. "சாணத்தைத் தொடாதே" என்று விரட்டுகிறார்கள். அவர் வீட்டில் நீல ஜுவாலை. இவள் தலையில் கருவேல முள் கட்டு! குற்றம் விஞ்ஞானத்தினுடையதல்ல. தொட்டி தனியார் சொத்தாக இருப்பதுதான் கோளாறு.

இதற்கு வழி இல்லையா? கர்நாடகத்தில் தும்கூர் மாவட்டத்துப் புரா கிராமத்தைப் பாருங்கள். பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்து விஞ்ஞானிகள் அங்கே ஊருக்குப் பொதுவாகத் தொட்டி அமைத்தார்கள். எல்லா அடுப்புக்கும் அவ்வூர்ச் சாணம் போதவில்லை. எனவே 1987 முதல் அந்த வாயுவால் இயந்திரம் ஓட்டி, வீடுகளுக்கு விளக்கும் குடிதண்ணீரும் கொடுத்தார்கள். சாணம் கொண்டுவந்தவருக்குக் கிலோவுக்கு 2 பைசா கூலி. எருவும் திரும்பக் கிடைத்தது. சுமந்து வந்த பெண்கள் கைக்குக் காசு வந்தது.

சாணம் போதாவிட்டால் வேறு கழிவு இருக்கிறது. சென்னைக் கோயம்பேடு சந்தையில் நாளுக்கு 30 டன் காய்கறிக் கழிவிலிருந்து மின்சாரம் எடுக்க 2005-இல் நிலையம் அமைத்தார்கள். நமக்குப் பக்கத்தில் மாட்டுத்தாவணிச் சந்தை இருக்கிறது. அங்கே அழுகும் கீரையும் தக்காளியும் அடுப்புக்கு வரக்கூடாதா?

ஆகவே தோழர்களே, தொட்டி வேண்டும் என்று மட்டும் கேட்டால் போதாது. பொதுத் தொட்டியாகக் கேளுங்கள். சாணமோ குப்பையோ சுமப்பவருக்குக் கூலி கேளுங்கள். மராமத்துக்குப் பயிற்சி பெற்ற ஆளைக் கேளுங்கள். துருப்பிடித்து, பழுது பார்க்க ஆளின்றிக் கிடந்த தொட்டிகள் நாட்டில் ஏராளம். எந்தக் காரணம் கொண்டும் அடைப்பு எடுக்க மனிதனைத் தொட்டிக்குள் இறக்காதீர்கள். அந்த வாயு அடுப்பில் சோறு. குழிக்குள் அதுவே எமன்.

மாடில்லாத வீட்டிலும் புகையில்லாமல் உலை கொதிக்கிறதா? அந்தக் கேள்வியை வைத்தே எந்தத் திட்டத்தையும் அளந்து பாருங்கள்!