பள்ளிக்கூடத்தில் போலீஸ் உத்தியோகஸ்தர்

(ஆதம்பாக்கத்தில் நடைபெற்ற நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில், போலீஸ் இலாகாவில் வேலை பார்த்து இளைப்பாறிய அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளிப் பிள்ளைகளிடையே சண்டையும் சச்சரவும் மலிந்துவிட்டபடியால், பள்ளிக்கூடந்தோறும் ஒரு போலீஸ்காரரை நிறுத்திவிட்டால் நலமாகும் என்று நம்மவர் பலர் இப்பொழுது பேசி வருகின்றனர். அதைக் குறித்து இரண்டொரு வார்த்தைகள் சொல்லும்படி காரியதரிசி அவர்கள் என்னைக் கேட்டுக்கொண்டார்கள். அவ்வேலையின் நன்மை தீமைகளை ஓரளவு அனுபவத்தில் அறிந்தவனாதலின் இசைந்தேன்.

முதலில் என் பிழையொன்றைச் சொல்லிவிடுகிறேன். சுமார் 30 ஆண்டுகளுக்கு முன், ஒரு பள்ளியில் இரு பையன்கள் கைகலந்து, ஒருவனுக்குக் காயம் நேர்ந்தது. தலைமையாசிரியர் சொல்லியனுப்ப, நான் சீருடையுடன் சென்று, மூத்த பையனை அத்தனை மாணவர்களும் பார்த்திருக்க ஜீப்பில் ஏற்றி நிலையத்துக்குக் கொண்டுபோனேன். அவனை அடிக்கவில்லை, வழக்கும் எழுதவில்லை. தேநீர் வாங்கிக் கொடுத்து, புத்தி சொல்லி, மாலையில் தகப்பனாரிடம் ஒப்புவித்தேன். நல்ல காரியம் செய்தோமென்றே அன்று எண்ணியிருந்தேன். மறு மாதம் விசாரித்தபொழுது, பையன் பள்ளிக்கு வருவதையே நிறுத்திவிட்டானென்று தெரிந்தது. தகப்பனாரைப் போய்ப் பார்த்தேன். "ஐயா, தாங்கள் அவனை ஒன்றும் செய்யவில்லை, ஆனால் எல்லாரும் பார்த்துவிட்டார்களே!" என்றார் அவர். அதற்கு என்னிடம் மறுமொழி இல்லை.

அன்று நான் அறியாததை இன்று சட்டமே கற்பிக்கின்றது. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாத எவரையும் போலீஸ் லாக்கப்பிலோ சிறையிலோ வைத்தல் கூடாது. ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலனுக்கென உதவி சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்துக்குக் குறையாத அதிகாரி ஒருவர் இருத்தல் வேண்டும். குறைந்தது ஏழாண்டுத் தண்டனைக்குரிய கொடுங்குற்றமாகவோ, வயது வந்தோருடன் கூடிச் செய்ததாகவோ இருந்தாலொழிய, பிள்ளைகள்மீது முதல் தகவல் அறிக்கை பதியலாகாதென்பது 2016-ஆம் ஆண்டு மாதிரி விதி. பாலியல் குற்றங்களினின்று குழந்தைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டுச் சட்டமோ, குழந்தையின் வாக்குமூலத்தைப் பதியும் அதிகாரி சீருடையில் இருத்தலாகாது என்கின்றது. காக்கி உடையைக் கண்ட மாத்திரத்தில் குழந்தையின் வாய் அடைத்துப்போகும் என்பதை உணர்ந்தே இவ்வாறு விதித்தனர்.

பள்ளிக்கூடத்திலேயே போலீஸ்காரரை நிலையாக அமர்த்தும் வழக்கம் அமெரிக்கா தேசத்தில் 1950-களில் மிச்சிகன் மாகாணத்துப் பிளிண்ட் நகரில் தொடங்கிற்று. 1999-இல் கொலம்பைன் பள்ளியில் நடந்த துப்பாக்கிக் கொலைகளுக்குப் பின் அது மிகப் பரவியது. ஆயினும் 2018-இல் புளோரிடா மாகாணத்துப் பார்க்லாண்டு பள்ளியில் 17 உயிர்கள் மாண்டபொழுது, அங்கே அமர்த்தப்பட்டிருந்த அதிகாரி கட்டடத்தினுள் புகாமல் வெளியிலேயே நின்றார். 2020-இல் மினியாபொலிஸ் நகரப் பள்ளிக் குழுவினர் போலீஸுடன் செய்திருந்த ஒப்பந்தத்தையே நீக்கிவிட்டனர். ஆகவே ஆயுதம் தாங்கிய ஒருவர் வாயிலில் நிற்பதனால் மாத்திரம் பள்ளி காக்கப்படும் என்று நிச்சயமாகச் சொல்வதற்கில்லை.

நம் பக்கத்தில் வேறு வழி கைக்கொள்ளப்பட்டது. கேரளத்தில் 2010-இல் மாணவர் போலீஸ் படை 127 பள்ளிகளில் தொடங்கப்பட்டது. நமது சென்னையில் 14-9-2022 அன்று முதலமைச்சர் 'சிற்பி' என்னும் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். 100 பள்ளிகள், பள்ளிக்கு 50 பேர் வீதம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 5,000 பேர். இங்கே போலீஸ்காரர் பிள்ளையைப் பிடிக்க வருபவரல்லர். கவாத்தும் சட்ட அறிவும் நல்லொழுக்கமும் கற்பிக்க வருபவர். அவர் பெயரைப் பிள்ளை அறிகின்றது; பிள்ளையின் பெயரை அவரும் அறிகின்றார். பிற்காலத்தில் ஆபத்தொன்று நேர்ந்தால் அப்பிள்ளை அஞ்சாமல் நிலையத்துப் படியேறும். பள்ளியில் போலீஸ் உத்தியோகஸ்தர் செய்யத்தக்க மேலான வேலை இதுவே என்பது என் அபிப்பிராயம். வகுப்பை அடக்கும் பொறுப்பு உபாத்தியாயருடையது. அதைப் போலீஸ்காரர் கையில் கொடுப்பது இருவருக்கும் கேடு.

இனி, நமது சங்கம் நேரே சிந்திக்கவேண்டிய விஷயத்துக்கு வருகிறேன். 2023 ஆகஸ்டில் நாங்குனேரியில், பட்டியல் வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவனையும் அவன் தங்கையையும், உடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினர். அதன்பின் அரசாங்கம் நியமித்த நீதிபதி சந்துரு அவர்களின் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறுகளைப் பிள்ளைகள் அணிதலாகாது, பள்ளிகளின் பெயரில் சாதிப் பெயர் இருத்தலாகாது என்று அது கூறிற்று.

அன்பர்களே! அந்தக் கயிற்றைப் பள்ளிக்கூடம் கட்டவில்லை. அது வீட்டிலும் விழாப் பந்தலிலும் கட்டப்பட்டுப் பள்ளிக்குப் போகின்றது. நாம் கட்டியனுப்பிய கயிற்றைப் போலீஸ்காரர் வந்து அறுக்கவேண்டுமென்று எதிர்பார்ப்பது நியாயமாகுமா? நாமும் ஒரு சாதியின் பெயரால் கூடியிருப்பவர்கள். ஏழைப் பிள்ளைக்குப் புத்தகமும் சம்பளமும் கொடுப்பதற்காகக் கூடினோமேயன்றி, பிறர் பிள்ளையைத் தாழ்வாக எண்ணக் கற்பிப்பதற்கன்று. ஆதம்பாக்கத்திலும் ஆலந்தூரிலும் வேளச்சேரியிலும் நம் பிள்ளைகள் எல்லா வகுப்பாருடனும் ஒரே பெஞ்சில் அமர்ந்து படிக்கின்றனர். அந்தப் பெஞ்சுக்குள் நம் சங்கத்தின் அடையாளம் எதுவும் நுழையலாகாது.

ஆதலின் இரண்டு வேண்டுகோள்கள். வருகிற ஆண்டு விழாவில் பரிசு பெறும் பிள்ளைகளுக்குக் கயிறோ பட்டையோ கட்டும் வழக்கத்தை அறவே நிறுத்துவோமாக. நம் பிள்ளை பிழை செய்தானென்று பள்ளியிலிருந்து செய்தி வந்தால், போலீஸ் வருமுன் தகப்பனாரும் தாயாரும் அங்கே போய் நிற்பார்களாக. அன்று அந்த வீட்டார் எனக்கு முன் வந்திருந்தால், அந்தப் பையன் என் ஜீப்பில் ஏறியிருக்கமாட்டான்.