கூடிப் பாடும் பிள்ளைகள்

கொழும்பு மாநகரின் வடபால் அமைந்த கொட்டாஞ்சேனைக்கு ஒரு பழங்கதை உண்டு. 1883 ஆம் ஆண்டு மார்ச் மாதம் 25 ஆந் திகதி, உயிர்த்த ஞாயிறு. கத்தோலிக்க மக்கள் தம் பெருநாளைக் கொண்டாடிக்கொண்டிருந்த அன்று, பௌத்த மக்களின் ஊர்வலமொன்று மேளதாளத்துடன் அவ்வூர்த் தீபதுத்தாராமய விகாரையை நோக்கி வந்தது. இடைவழியிற் கலகம் மூண்டது; பலர் காயமுற்றனர்; உயிர்ச்சேதமும் நேர்ந்தது. அந்தப் பகைக்கு வேறு காரணங்களும் இருந்தன. ஆயினும் ஒருவர் தொழும் வேளையில் மற்றவர் மேளம் முழக்கலாமா என்பது அன்று பெரிய வினாவாக எழுந்தது.

இசை மனிதரை ஒன்றுசேர்க்கும் என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. சொல்பவர்கள் கொட்டாஞ்சேனையைச் சற்று நினைத்துக்கொள்வது நல்லது. தன் மேளத்தை மாத்திரம் கேட்பவனை இசை எவ்விதத்திலும் திருத்திவிடுவதில்லை. அடுத்தவன் எழுப்பும் ஒலிக்குக் காதுகொடுக்கும் பழக்கம் வேண்டும். அது இளமையிற் பழக வேண்டிய பழக்கம். அதைப் பழக்குவதற்கு இந்நாட்டிற் பாடசாலையின் சங்கீத அறையைப்போல் வேறோர் இடம் இருப்பதாகத் தெரியவில்லை.

ஆறாந் தரம் முதல் ஒன்பதாந் தரம் வரையில் ஒவ்வொரு பிள்ளையும் அழகியற் பாடங்களுள் ஒன்றைக் கற்கவேண்டுமென்பது இலங்கைப் பாடத்திட்டத்தின் விதி. சங்கீதத்தைத் தெரிந்த பிள்ளைகள் நாற்பது பேர் ஓர் அறையில் அமர்ந்திருக்கிறார்கள் என்று நேயர்கள் எண்ணிக்கொள்ளட்டும். முதலில் எழுவது சுருதிச் சிக்கல். பெண்பிள்ளைக்கு ஐந்து கட்டை இதமாயிருக்கும். குரல் உடையும் பருவத்துப் பையனோ ஒரு கட்டைக்கே திணறுவான். எல்லார்க்கும் பொதுவான ஒரு சுருதியை ஆசிரியை தேடவேண்டும். தேடிக் கிடைப்பது ஒருவருக்கும் முழுவசதியாக இராது. நல்ல சாரீரமுள்ள சிறுமி தன் மேற்தாயிச் சிறப்பை அன்று காட்ட இயலாது. உடைந்த குரலுக்குரியவன் சில இடங்களில் மெல்லப் பாடவேண்டும். இவ்வாறு இருபுறமும் சிறிது விட்டுக்கொடுத்த பின்னரே பாட்டுத் தொடங்குகிறது. ‘விட்டுக்கொடுத்தல்’ என்ற தலைப்பிற் கட்டுரை எழுதுவித்தால் இந்தப் பாடம் வராது.

அடுத்தது மூச்சு. நீண்ட சங்கதியை ஒரே மூச்சில் இழுக்கச் சிறுவர்க்கு வலுவில்லை. எல்லாரும் ஓரிடத்தில் மூச்சு வாங்கினாலோ பாட்டு அறுந்துபோகும். ஆகவே ஒருத்தி மூச்சு வாங்கும்போது பக்கத்தில் இருப்பவள் தாங்கிப் பாடவேண்டும். சிறிது நேரத்தின்பின் இவள் அவளைத் தாங்கவேண்டும். பக்கத்தில் இருப்பவளின் மூச்சு எப்போது தளருமென்று அறிந்திருப்பதே இதன் இரகசியம். பத்து வயதுப் பிள்ளை இன்னொருவரின் தளர்ச்சியை முன்கூட்டி உணர்வது சிறிய காரியமன்று.

மிருதங்கம் வாசிக்கும் மாணவனுக்கு இதனினும் பெரிய சோதனை வரும். பாடுபவள் தடுமாறி ஓர் எண்ணிக்கை முந்திவிடுகிறாள். தாளத்தை இறுகப் பிடித்து நின்றால் தவறு அவளுடையது என்பது சபைக்குத் தெரிந்துவிடும். சமயமறிந்து வளைந்துகொடுத்தால் அவள் மீண்டும் வந்து இணைந்துகொள்வாள். தவறு நேர்ந்ததே பலர்க்குத் தெரியாது போகும். தாளம் தவறாத மாணவர் பலர் உண்டு. இவ்வாறு பிறரைக் காப்பாற்றுபவர் சிலரே. புள்ளியிடும்போது இந்தச் சிலரை இனங்காணும் ஆசிரியர் பாராட்டுக்குரியவர்.

ஜெர்மனியின் லைப்சிக் நகரைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் இருவர், கிர்ஷ்னர், டோமசெல்லோ என்போர், 2010 இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நான்கு வயதுக் குழந்தைகளை இருவர் இருவராகச் சேர்த்து, ஒரு பகுதியினரைப் பாடியும் தாளமிட்டும் விளையாடச் செய்தனர். மற்றப் பகுதியினரை அதே விளையாட்டைப் பாட்டின்றி ஆடச் செய்தனர். பின்னர் ஒரு குழந்தைக்கு இடையூறு நேர்ந்தபோது, சேர்ந்து பாடிய துணையே ஓடிவந்து உதவியது கூடுதலாகக் காணப்பட்டது. ஒரு நாள் விளையாட்டினால் ஆயுள் முழுவதற்கும் அன்பு பிறந்துவிடுமென்று இதனாற் கொள்ளலாகாது. வாரந்தோறும் பலவாண்டு நடைபெறும் சங்கீத வகுப்பின் பயனை மதிப்பிட இது ஒரு தொடக்கமே.

இந்நாட்டின் தேசிய கீதமும் பாடசாலையில் வளர்ந்த பாட்டு என்பதைப் பலர் மறந்துவிட்டனர். காலி மகிந்தக் கல்லூரியில் இசை கற்பித்த ஆனந்த சமரக்கோன் 1940 இல் இயற்றிய பாடல் அது. அங்குள்ள மாணவரே முதலிற் பாடினர். பின்னர்க் கொழும்பு மியூசியஸ் கல்லூரியின் பாடகர் குழு பாடியதனாற் புகழ்பெற்றது. மு. நல்லதம்பி அவர்கள் அதனைத் தமிழாக்கியபோது, சிங்களச் சொற்களுக்கு அமைந்த அதே மெட்டில் தமிழ்ச் சொற்களை இருத்தவேண்டியிருந்தது. பிறர் மூச்சுவிடும் இடத்தில் தாமும் மூச்சுவிட்டு எழுதிய மொழிபெயர்ப்பென்று அதனைச் சொல்லலாம். அரச விழாவில் அதனைத் தமிழில் இசைப்பதா என்பதுபற்றிப் பெரியவர்கள் நெடுங்காலம் வழக்காடினார்கள். 2016 ஆம் ஆண்டுச் சுதந்திர தினத்தில் காலிமுகத்திடலில் ஒலித்தது; 2020 இல் ஒலிக்கவில்லை. சிறுவர்க்கு இந்த வழக்குத் தெரியாது. மெட்டு ஒன்றே என்பது தெரியும்.

இத்தனை நன்மையும் தானாகக் கிட்டுவதில்லை. தமிழ்மொழித் தினப் போட்டி நெருங்கியதும் நல்ல குரல்கள் சில பொறுக்கியெடுக்கப்படுகின்றன. எஞ்சியோர் வகுப்பறைக்குத் திருப்பி அனுப்பப்படுகிறார்கள். கேடயம் அலுமாரியில் ஏறுகிறது. சுருதி சேராத பிள்ளைக்கே கூடிப் பாடும் பயிற்சி மிகவும் தேவை. அந்தப் பிள்ளையே முதலில் விலக்கப்படுகிறது. பரீட்சை ஆண்டு வந்ததும் சங்கீதப் பாடவேளையைக் கணிதம் விழுங்கிவிடுகிறது. மாலையிலோ வெள்ளவத்தையின் ஒழுங்கைகளில் தனியார் வகுப்புகளுக்கு விரையும் பிள்ளைகளுக்கு நின்று பாட நேரமில்லை.

1983 ஜூலையில் எரிந்த வெள்ளவத்தை இது. இன்று வெசாக் நாட்களில் வெள்ளுடை அணிந்த சிங்களச் சிறுவர் பக்திப் பாடல் இசைப்பதைத் தமிழ்ப் பிள்ளைகள் வீதியோரத்தில் நின்று கேட்கிறார்கள். நவராத்திரியில் தமிழ்ப் பாடசாலைகளிற் பாட்டு ஒலிக்கிறது. மொழியால் வேறான இரண்டு பாடசாலைகள் ஒரு தவணையில் ஒரேயொரு பாட்டை மாறிக் கற்பிக்கலாம்: தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு சிங்களப் பாட்டு, சிங்களப் பிள்ளைக்கு ஒரு தமிழ்ப் பாட்டு. பெருஞ்செலவு இல்லை, ஒரு சுருதிப்பெட்டியும் இரண்டு ஆசிரியரும் போதும். சிங்களப் பிள்ளை ‘ழ’கரத்தில் இடறும், தமிழ்ப் பிள்ளை சிங்கள ‘அ’கர வேறுபாட்டில் இடறும். ஒருவர் நாவை மற்றவர் திருத்தும்போது வகுப்பிற் சிரிப்பு எழும். ஆசிரியர்கள் அச்சிரிப்பை அடக்காது விட்டுவிட்டு, மீண்டும் முதலடியிலிருந்து தொடங்கச் சொல்லலாம்.