கனம் என்றால் எடை

(திருப்பூரில் ஒரு வாசிப்பு வட்டக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



பெரியாரையும் அம்பேத்கரையும் படிக்கிற கூட்டத்தில் எபிரேய வேதத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அழைத்த தோழரே, "கொஞ்சம் பாத்துப் பேசுங்க" என்றுதான் சொன்னார். நான் போதகர் இல்லை. தமிழ் விவிலிய மொழிபெயர்ப்புகளைப் பற்றி முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன், அதற்காக எபிரேயம் படித்தேன். என் அம்மா இந்த ஊர் பனியன் கம்பெனிகளில் இருபது வருடத்துக்கு மேல் செக்கிங் வேலை பார்த்தவர். இங்கே பேச எனக்கு இருக்கிற தகுதி இந்த இரண்டும்தான்.

போன மாதம் ஒரு பெண் போன் செய்தாள். என் தங்கை வேலை பார்க்கிற லைனில் ஓவர்லாக் ஓட்டுகிறவள். கிறிஸ்தவக் குடும்பம். ஆனால் ஞானஸ்நானத் தண்ணீரில் சாதி கரையாத குடும்பம். அவள் விரும்புகிற பையன் தலித், அயர்ன் டேபிளில் வேலை. வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா கை ஓங்கவில்லையாம். பைபிளை எடுத்துப் பத்துக் கட்டளைகளில் தாய் தகப்பனைக் கனம்பண்ணச் சொல்லும் இடத்தைத் திறந்து வைத்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார். "அண்ணே, நீங்க மூல பாஷை படிச்சவங்க. அங்கயும் அப்படித்தான் இருக்கா?" என்று கேட்டாள். அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதைச் சொல்கிறேன். அடையாளம் தெரிந்துவிடாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.

அந்தக் கட்டளையில் எபிரேயச் சொல் 'கப்பேத்'. அதன் வேர்ச்சொல்லுக்கு எடை, பாரம் என்று பொருள். மரியாதை, மகிமை என்று நாம் மொழிபெயர்க்கிற 'காவோத்' என்ற சொல்லும் அதே வேரில் பிறந்ததுதான். கல்லீரலுக்கும் இதே வேரில்தான் பெயர், உடம்புக்குள் கனத்த உறுப்பு என்பதால். தமிழில் அதைக் 'கனம்பண்ணு' என்று மொழிபெயர்த்தவர்களை மெச்சத்தான் வேண்டும். நமக்கும் கனம் என்றால் எடைதானே. 'கௌரவம்' என்ற வடசொல்லும் 'குரு', அதாவது கனமானது, என்பதிலிருந்து வந்ததுதான். மூன்று மொழிகளும் மானத்தைத் தராசில் வைத்திருக்கின்றன.

ஆக, அந்தக் கட்டளை சொல்வது இது: பெற்றோரை எடையுள்ளவர்களாக நடத்து, லேசாக நினைக்காதே. சொன்னதைக் கேள் என்பதற்கு எபிரேயத்தில் 'ஷாமா' என்று வேறு சொல் இருக்கிறது, அது இந்தக் கட்டளையில் இல்லை. இது சிறு பிள்ளைகளுக்கு அல்ல, வளர்ந்த மக்களுக்குச் சொன்னது, உழைக்க முடியாமல் போன பெற்றோரைக் கைவிடாதே என்பதே அதன் கருத்து என்று ஆய்வாளர்கள் பலர் வாசிக்கிறார்கள். அந்தப் பெண் சனிக்கிழமை வாங்குகிற சம்பளத்தில் பாதியை அன்று ராத்திரியே அப்பாவுக்கு அனுப்பிவிடுகிறவள். அந்தக் கட்டளையை அவள் வாரம் தவறாமல் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறாள் என்று சொன்னேன்.

அவளிடம் சொல்லாத ஒன்றை உங்களிடம் சொல்ல வேண்டும். அதே வேதத்தில், உபாகமம் என்ற நூலில், சொல் கேளாத மகனை ஊரார் கல்லெறிந்து கொல்லலாம் என்று இருக்கிறது. கன்னி இல்லை என்று தெரிந்த மணப்பெண்ணை அவளுடைய தகப்பன் வீட்டு வாசலிலேயே கல்லெறிந்து கொல்லச் சொல்லும் சட்டமும் அங்கேதான் இருக்கிறது. எஸ்றாவின் நூலில் வேற்று இனத்து மனைவிகளைப் பிள்ளைகளோடு அனுப்பிவிடுகிறார்கள். நூலின் புனிதத்தைத் தொடாமல் சாதியைத் தொட முடியாது என்று அம்பேத்கர் 1936-இல் இந்து சாத்திரங்களைப் பற்றிச் சொன்னதை வேறு நூல்களுக்கும் பொருத்திப் பார்க்கத் தயங்கக் கூடாது. திருச்சி மேலப்புதூர்க் கல்லறையில் செத்தவர்களுக்கு நடுவே சுவர் எழுப்பியவர்கள் கையிலும் இந்தப் புத்தகம்தான் இருந்தது.

ஆனால் ஆதியாகமத்தில் ஓர் இடம் என்னை விடுவதே இல்லை. யாக்கோபின் மகள் தீனாளைச் சீகேம் என்ற வேற்று இனத்து இளவரசன் கெடுத்துவிட்டு, பிறகு கல்யாணம் செய்து கொடுக்கச் சொல்லிக் கேட்கிறான். அண்ணன்மார் சம்மதிப்பதுபோல் நடித்து ஓர் உடன்படிக்கை செய்கிறார்கள். பிறகு சிமியோனும் லேவியும் ஊருக்குள் புகுந்து ஆண்கள் எல்லோரையும் வெட்டிக் கொல்கிறார்கள். தங்கையின் மானம் என்பதே அவர்கள் சொல்லும் நியாயம். இது காதல் கதை இல்லை, நம் வழக்குகளோடு அப்படியே பொருந்தாது. யாக்கோபும் அப்போது யோக்கியமாகப் பேசவில்லை, அக்கம்பக்கத்தார் தன்னைத் தாக்கிவிடுவார்களே என்றுதான் பயப்படுகிறான். ஆனால் சாகும் தறுவாயில் அந்த இரண்டு மகன்களின் கோபத்தைச் சபிக்கிறான். அவர்கள் கூட்டத்தோடு என் 'காவோத்' சேராதிருக்கட்டும் என்கிறான். நம் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே 'மேன்மை' என்று இருப்பதால் அது கேட்பவர் காதில் உறைப்பதில்லை. (பழைய கிரேக்க மொழிபெயர்ப்பில் அது 'ஈரல்' ஆகிவிட்டது, எழுத்து ஒன்றுதான்.) குடும்ப மானத்துக்காகக் கொன்றோம் என்று வந்து நிற்கிற மகன்களிடம், என் மானத்துக்கும் உங்களுக்கும் சம்பந்தமில்லை என்கிறான் தகப்பன்.

'கௌரவக் கொலை' என்ற சொல்லைத் தூக்கி எறிந்து 'ஆணவக் கொலை' என்று நம் இயக்கங்கள் எழுதத் தொடங்கியபோது, சொல்லை மாற்றி என்ன ஆகப்போகிறது என்று கேட்டவர்கள் உண்டு. யாக்கோபு செய்ததும் அதைத்தான்.

அந்தக் கதை முழுவதிலும் தீனாள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. நம் மாவட்டத்தில் பேசினாள். 2016 மார்ச் 13 அன்று உடுமலைப்பேட்டை பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். படுகாயத்தோடு பிழைத்த கௌசல்யா பெற்றோருக்கு எதிராக நீதிமன்றத்தில் சாட்சி சொன்னார். 2017 டிசம்பர் 12 அன்று திருப்பூர் நீதிமன்றம் அவருடைய தந்தை உட்பட ஆறு பேருக்கு மரண தண்டனை விதித்தது. 2020 ஜூன் 22 அன்று உயர் நீதிமன்றம் தந்தையை விடுதலை செய்தது, மற்ற ஐவரின் தண்டனையை ஆயுளாகக் குறைத்தது. நான் மரண தண்டனைக்கு எதிரானவன். ஆனாலும் அந்த விடுதலைச் செய்தியைப் படித்த அன்று எனக்கு ஒரு வேலையும் ஓடவில்லை.

இனி பலம். எபிரேயத்தில் 'ஹயில்' என்றொரு சொல். வலிமை, வீரம், படை, செல்வம் எல்லாம் அதற்குள் அடக்கம். கிதியோனைக் குறிக்க இந்தச் சொல் வரும்போது நம் பழைய மொழிபெயர்ப்பில் அவன் 'பராக்கிரமசாலி'. நிலக்காரனான போவாஸுக்கு வரும்போது 'ஆஸ்திக்காரன்'. அதே சொல் ரூத்துக்கும் நீதிமொழிகள் கடைசி அதிகாரத்துப் பெண்ணுக்கும் வரும்போது? 'குணசாலி'. ஆணுக்கு வீரம், பணக்காரனுக்குச் சொத்து, பெண்ணுக்கு நல்ல குணம். பின்னால் வந்த திருவிவிலியத்தில் நீதிமொழிகளில் 'மனத்திடம்' என்று போட்டிருக்கிறார்கள். பரவாயில்லை, பாதி தூரம் வந்திருக்கிறார்கள்.

அந்த நீதிமொழிகள் பெண் யார் தெரியுமா? ஆட்டுமயிரும் சணலும் தேடி வாங்குகிறாள், நூல் நூற்கிறாள், உடை தைத்து விற்கிறாள், வியாபாரிகளுக்கு இடைக்கச்சை கொடுக்கிறாள், ராத்திரியில் அவள் விளக்கு அணைவதில்லை. நம்ம ஊர்க்காரி. பெண்கள் ஞாயிறு வந்தால் எங்கள் சபையில் இந்தப் பகுதியைத்தான் வாசித்துப் பிரசங்கம் வைப்பார்கள். பொறுமை, அடக்கம், கணவனுக்குப் பணிவு என்று நீளும். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வந்த என் அம்மா அந்தப் பிரசங்கம் முழுக்கத் தூங்குவார். நான் வெட்கப்பட்டு இடித்து எழுப்புவேன். எழுப்பியிருக்கவே கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

ரூத் மோவாபிய தேசத்துப் பெண். மோவாபியர் பத்தாம் தலைமுறை ஆனாலும் சபைக்குள் வரக் கூடாது என்று சட்டம் எழுதி வைத்த ஊரில், கதிர் பொறுக்கிப் பிழைக்க வந்த விதவை. ஊரெல்லாம் அவளை 'ஹயில்' உள்ளவள் என்று அறிந்திருக்கிறது என்று சொல்லி மணந்துகொள்கிறான் போவாஸ். தாவீது ராஜா அவர்களுடைய கொள்ளுப்பேரன். கலப்பு மணத்தால் வம்சம் கெடும் என்று பேசுகிற கிறிஸ்தவ அப்பாக்கள் அந்த வம்ச அட்டவணையை ஒருமுறை வாசிக்கலாம்.

கனத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்று. யாத்திராகமத்தில் பார்வோனின் இருதயம் கடினப்பட்டது என்று படிக்கிறோமே, அங்கே எபிரேயத்தில் சில இடங்களில் 'பலத்தது' என்றும் சில இடங்களில் 'கனத்தது' என்றும்தான் இருக்கிறது. கனமும் பலமும் ஏறி ஏறி ஓர் இருதயம் கல்லாகிவிடுகிறது. வைக்கோலைக் கொடுக்காமல் அதே கணக்குச் செங்கல் கேட்கும்போது, அவர்கள்மேல் வேலையைக் கனமாக்கு என்று அவன் சொல்வதும் அதே வேர்ச்சொல்லில். பீஸ் ரேட்டைக் குறைத்துவிட்டு டார்கெட்டை ஏற்றுகிறவர்களை நமக்குத் தெரியும். கல்யாணத்துக்குப் பணம் என்று ஆசை காட்டி, வயசுப் பெண்களை மில் ஹாஸ்டலில் அடைத்து வைத்த திட்டத்துக்குச் 'சுமங்கலி' என்று மானமான பெயர் வைத்தவர்களையும் தெரியும்.

பலத்துக்கு எனக்கு இன்று தெரிகிற உதாரணம் திண்டுக்கல் பக்கம் இருக்கிறது. 2021 ஜனவரியில் அங்கே ஒரு தலித் பெண் தொழிலாளி கொல்லப்பட்டார். அதன் பிறகு பெண்கள் தலைமையேற்று நடத்துகிற தமிழ்நாடு டெக்ஸ்டைல் அண்ட் காமன் லேபர் யூனியன் விடாமல் போராடி, 2022 ஏப்ரலில் பாலியல் வன்முறைக்கு எதிரான திண்டுக்கல் ஒப்பந்தத்தைக் கையெழுத்தாக்கியது. அந்த ஒப்பந்தத்தில் சாதியும் பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. 'ஹயில்' என்றால் படை என்றும் பொருள் என்று சொன்னேனே.

அந்தப் பெண்ணிடம் இதில் கால்வாசிதான் போனில் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். "சரிண்ணே, இதை எங்கப்பாகிட்ட யாரு சொல்லுவா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. 2024 தொடக்கத்தில் நடந்தது அவளுக்கும் தெரியும். இங்கே வேலை பார்த்து, இங்கேயே கல்யாணம் செய்துகொண்ட ஒரு பெண்ணைப் பல்லடம் போலீஸ் பெற்றோரோடு அனுப்பிவைத்தது, மறுநாளே பட்டுக்கோட்டைப் பக்கம் அவள் கொல்லப்பட்டாள். எந்த ஸ்டேஷனுக்குப் போவது என்பதுதான் அவளுடைய உண்மையான கேள்வி, எபிரேயம் இல்லை.

2018 மார்ச்சில் சக்தி வாகினி வழக்கில் உச்ச நீதிமன்றம், மாவட்டம்தோறும் சிறப்புப் பிரிவு வேண்டும், அதில் காவல் கண்காணிப்பாளர், சமூகநல அலுவலர், ஆதிதிராவிடர் நல அலுவலர் மூவரும் இருக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. அந்தத் தீர்ப்பின் நகலோடு திங்கள்கிழமை காலை அவளும் அந்தப் பையனும் என் தங்கையும் நானும் மனு கொடுக்கப் போகிறோம். வக்கீல் தோழர் ஒருவர் வருகிறேன் என்றிருக்கிறார். இன்னும் நாலைந்து பேர் கூட நின்றால் நல்லது. ஒரு நாள் கூலி போகும். வர முடிகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.