பகல் ஒரு மணிக் கச்சேரி



ஸ்கொட்லாந்தின் மரபு இசை என்றதும் நம்மில் பலருக்கு நினைவில் எழுவது ஓர் அணிவகுப்பு. கட்டம் போட்ட பாவாடை அணிந்த ஆண்கள், தோளில் சாய்ந்த குழல்கள், பின்னால் முரசு, திறந்த வெளி, பெரும் முழக்கம். இன்று நான் பேச எடுத்துக்கொண்டது அதற்கு எதிர்த்திசையில் இருக்கும் ஒரு வழக்கம். கிளாஸ்கோ, எடின்பரோ போன்ற நகரங்களில், தேவாலய மண்டபங்களிலும் அருங்காட்சியகங்களிலும் பல்கலைக்கழக அறைகளிலும், மதிய உணவு வேளையில் நடக்கும் சிறு கச்சேரிகள். ஒரு மணியளவில் தொடங்கி முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். மேடை இருந்தால் ஒரு படி உயரம். விளக்கை அணைப்பதில்லை. பெரும்பாலும் ஒலிவாங்கி தேவைப்படுவதில்லை. வாசிப்பவர் கேட்பவரின் முகத்தைப் பார்க்கிறார், கேட்பவர் வாசிப்பவரின் விரலைப் பார்க்கிறார். அலுவலக இடைவேளையில் வந்தவர், ஓய்வூதியம் பெறுபவர், கைக்குழந்தையோடு வந்த தாய், இசை படிக்கும் மாணவர் என்று இரவு நிகழ்ச்சிக்குப் போக முடியாத பலர் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். இந்த இசையின் தரத்தை அறிய விரும்பும் எவரும் அதை முதலில் இப்படித்தான் கேட்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

இதைத் திருகோணமலையில் இருந்துகொண்டு சொல்லக் காரணம் உண்டு. ஸ்கொட்லாந்துக்காரர்கள் இந்தத் துறைமுகத்துக்குப் புதியவர்கள் அல்லர். 1782 ஜனவரியில் ஆங்கிலேயக் கடற்படைத் தளபதி ஹியூஸ் ஒல்லாந்தரிடமிருந்து திருகோணமலையைப் பிடித்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் பிரெஞ்சுத் தளபதி சூஃப்ரன் வந்து முற்றுகையிட்டபோது கோட்டையைக் காத்து நின்று, இறுதியில் சரணடைந்தவர் ஸ்கொட்லாந்தின் 42ஆம் ஹைலண்ட் படைப்பிரிவைச் சேர்ந்த கப்டன் ஹே மக்டோவல். 1795 ஆகஸ்டில் ஆங்கிலேயர் மீண்டும் இந்தக் கோட்டையை எடுத்தபோதும் 72ஆம் ஹைலண்ட் படைப்பிரிவு முன்னணியில் இருந்தது. ஹைலண்ட் படை என்றால் அதில் பைப் என்னும் பைக்குழல் வாசிப்பவர் இருப்பார். நாம் இன்று பிரட்றிக் கோட்டை என்று அழைக்கும் இடத்தில், கோணேசர் மலையடியில், அந்தக் குழல் ஒலித்திருக்கும் என்று கருதுவதில் தவறில்லை. ஆனால் நம் முன்னோர் கேட்டது படையின் இசை. தூரத்தில் நிற்பவரை நடுங்க வைப்பதற்காக ஊதப்பட்டது. அந்த நாட்டு மக்கள் தம் வீட்டுக்குள் வைத்திருந்த இசை கப்பலில் வந்திருந்தாலும் மதிலுக்கு வெளியே வந்திருக்காது.

தமிழ்நாட்டுக்கு அதில் கொஞ்சம் வந்து சேர்ந்தது. முத்துசுவாமி தீட்சிதர் சென்னைக் கோட்டையின் ஆங்கிலேய வாத்தியக் குழு வாசித்த மெட்டுக்களைக் கேட்டு, அவற்றுக்கு வடமொழிச் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று அவற்றைச் சொல்கிறோம். சங்கராபரணம் படிக்கும் குழந்தைகள் பாடும் ‘ஜகதீச குருகுஹ’ என்ற உருப்படியின் மெட்டு, மக்டோனல்ட் பிரபுவின் பெயரால் வழங்கும் ஒரு ஸ்கொட்டிஷ் நடன மெட்டு. இருநூறு ஆண்டுகளாக அது நம் வீடுகளில் பாடப்படுகிறது.

இனி அந்தச் சிறு அறைக்குள் என்ன கேட்கிறது என்று பார்ப்போம்.

பைப்பிலிருந்தே தொடங்குகிறேன். நாதஸ்வரம் தெரிந்த நமக்கு அதைப் புரிந்துகொள்வது எளிது. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுபவர் ஒருவர் நிற்பாரல்லவா, அந்த ஒத்து பைப்பில் வாத்தியத்தோடேயே பிணைந்திருக்கிறது. தோளில் சாய்ந்து நிற்கும் மூன்று குழல்களும் அதற்காகத்தான். மெட்டு வாசிக்கும் குழலில் கிடைப்பவை ஒன்பது சுரங்களே, அவற்றின் வரிசை ஏறத்தாழ நம் ஹரிகாம்போஜி. நாதஸ்வரக்காரர் சீவாளியில் நாக்கைத் தட்டித் துத்துகாரம் கொடுத்து ஒரு சுரத்தை இன்னொன்றிலிருந்து பிரிப்பார். பைப்பில் அதற்கு வழியே இல்லை. சீவாளி பைக்குள் மறைந்திருக்கிறது, காற்று நிற்பதில்லை, ஓசையைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒரே சுரத்தை இரண்டு முறை வாசிக்க வேண்டுமானால், நடுவில் இன்னொரு சுரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்துக்குத் தொட்டு வெட்ட வேண்டும். அந்த வெட்டுக்களை ஒற்றையாக, இரட்டையாக, கொத்தாக அடுக்கி ஒரு பெரிய அலங்காரக் கலையையே வளர்த்துவிட்டார்கள். மைதானத்தில் இவை எதுவும் காதில் விழாது, முழக்கம் மட்டும் வந்து சேரும். பத்தடி தூரத்தில் உட்கார்ந்தால்தான் ஒரு மெட்டுக்குள் எத்தனை விரல்வேலை இருக்கிறது என்று தெரியும்.

அறைக்குள் பெரிய பைப் தாங்காது என்பதும் உண்மை. அங்கே வாசிக்கப்படுவது பெரும்பாலும் சிறு பைப். முழங்கைக்குக் கீழே கட்டிய துருத்தியால் காற்றடிப்பார்கள், வாய் சும்மா இருக்கும். வயலினோடும் பாட்டோடும் சேர்ந்துபோகிற மென்மையான ஒலி. வழக்கொழிந்து போயிருந்த இந்த வாத்தியம் 1980களில் புத்துயிர் பெற்றது. அது மீண்டு வந்ததற்கும் சிறு அரங்குகள் பெருகியதற்கும் தொடர்பு இருப்பதாகவே நினைக்கிறேன். வாத்தியம் எவ்வளவு நல்லதானாலும் அதைக் கேட்க ஏற்ற இடம் இல்லாவிட்டால் நிலைப்பதில்லை.

வயலினுக்கு அங்கே நீண்ட பரம்பரை. 18ஆம் நூற்றாண்டின் நீல் கௌ, அவருக்குப் பின் 1927இல் மறைந்த ஸ்கொட் ஸ்கின்னர் என்று பெரிய பெயர்கள். ஸ்ட்ராத்ஸ்பே என்ற அவர்களது நடன மெட்டில் முதலில் அழுத்தமான ஒரு குறில், உடனே இழுபடும் ஒரு நெடில். வில்லின் ஒரு சொடுக்கில் இரண்டும் பிறக்கும். ஒலிபெருக்கி அந்தச் சொடுக்கின் கூர்மையை மழுங்கடித்துவிடும்.

வாத்தியம் கிடைக்காத நேரத்தில் ஆடுவதற்காக, பொருளைவிடத் தாளத்தை முன்வைத்து வாயாலேயே பாடும் மெட்டுக்களும் அந்நாட்டின் கேலிக் மொழியில் உண்டு. பைப்பின் பெரிய உருப்படிகளை ஆசிரியர் மாணவருக்குச் சொற்கட்டாகவே பாடிக் காட்டி மனதில் ஏற்றினார்கள், தவில்காரர் தத்தகாரம் சொல்லிக் கொடுப்பதைப் போல. நம் கொன்னக்கோல் கேட்டுப் பழகிய காது இவற்றை உடனே அடையாளம் கண்டுகொள்ளும்.

ஆனால் இந்தக் கச்சேரிகளில் என்னை மிகவும் ஈர்ப்பது துணை வாத்தியம் எதுவுமில்லாத தனிப் பாட்டு. ஒருவர் எழுந்து, கையைக் கட்டிக்கொண்டு, இருபது முப்பது கண்ணிகள் கொண்ட ஒரு கதைப்பாடலைப் பாடுவார். கொலை, காதல், கடலில் தொலைந்தவன், திரும்பி வராத படகு. குரலை உயர்த்த மாட்டார், அழுகையைக் காட்ட மாட்டார். கதையைக் குரலின் மேல் வைத்துவிட்டுத் தான் ஒதுங்கி நிற்பார். பாடுமுன் கட்டாயம் ஒன்றைச் சொல்வார்: இந்தப் பாட்டை யாரிடம் கேட்டேன், அவர் யாரிடம் கேட்டார். 1951இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் ஸ்கொட்டிஷ் ஆய்வுப் பள்ளி தொடங்கப்பட்டபின், ஹாமிஷ் ஹெண்டர்சன் போன்றவர்கள் ஒலிப்பதிவுக் கருவியைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகப் போனார்கள். ஊருக்கு ஊர் அலைந்து வாழ்ந்த நாடோடிக் குடும்பங்களிடம், பிறர் தாழ்வாக நினைத்த மக்களிடம், மிகப் பழைய பாட்டுக்கள் முழுமையாக இருக்கக் கண்டார்கள். அபர்டீன் நகரில் 1953இல் ஹெண்டர்சன் தேடிக் கண்ட ஜீனி ராபர்ட்சன் அந்த நாடோடி மரபைச் சேர்ந்த பெண். இன்று படித்த இளைஞர் பாடும் பல பாட்டுக்களின் மூலக்குரல் அவருடையது. அவர் பெயரைச் சொல்லாமல் அந்தப் பாட்டைப் பாட மாட்டார்கள். இந்த நேர்மை எனக்கு மிகப் பெரிதாகப் படுகிறது.

அடுத்து, திருகோணமலைக்காரர் எவரும் கேட்டவுடன் நிமிர்ந்து உட்காரும் ஒன்று. ஹெப்ரிடிஸ் என்ற மேற்குத் தீவுகளில் பெண்கள், புதிதாக நெய்த கம்பளித் துணியைப் பழஞ்சிறுநீரில் ஊறவைத்து, நீண்ட பலகையின் இருபுறமும் உட்கார்ந்து, அடித்துத் திரட்டி இறுக்குவார்கள். மணிக்கணக்கான வேலை. ஒருத்தி அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பொருளில்லாத ஓசைச் சொற்களால் பதில் கொடுப்பார்கள். துணி கையிலிருந்து கைக்கு வலமாக நகரும். ஒரு துணிக்கு ஒரு பாட்டை இரண்டாம் முறை பாடக்கூடாது என்று நம்பிக்கை, ஆகவே பெண்களின் நினைவில் நூற்றுக்கணக்கான பாட்டுக்கள் தங்கின. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியோடு அந்த வேலை நின்றது. பாட்டு நிற்கவில்லை.

நம் கரையிலும் இதே அமைப்புத்தானே. கரைவலை இழுக்கும்போது ஒருவர் அம்பாப் பாட்டை எடுத்துக் கொடுக்க, கம்பா என்ற வலைக்கயிற்றைப் பிடித்திருக்கும் அத்தனை பேரும் ஏலேலோ என்று பதில் கொடுப்பார்கள். வலையின் மடி கரையை நெருங்க நெருங்கத் தாளம் விரையும். இன்று பல கரைகளில் உழவு இயந்திரத்தில் பூட்டிய பொறி கம்பாவைச் சுருட்டுகிறது. பொறிக்குப் பாட்டு வேண்டியதில்லை. வேலை போனபின் பாட்டை எங்கே வைப்பது என்ற கேள்விக்கு ஹெப்ரிடிஸ் தீவுப் பெண்கள் கண்ட பதில்களில் ஒன்று அந்தச் சிறு அறை. மேசையைச் சுற்றி உட்கார்ந்து, துணியை உண்மையாகவே அடித்துக்கொண்டு பாடுகிறார்கள். கேட்க வந்தவர்களையும் மேசைக்கு அழைக்கிறார்கள்.

பகல் கச்சேரி என்ற வழக்கத்துக்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். போர் தொடங்கி இரவு அரங்குகள் மூடப்பட்டிருந்தபோது, 1939 ஒக்டோபரில், பியானோக் கலைஞர் மைரா ஹெஸ், ஓவியங்கள் அகற்றப்பட்டு வெறுமையாயிருந்த லண்டன் தேசிய ஓவியக்கூடத்தில் மதியக் கச்சேரிகளைத் தொடங்கினார். நுழைவு ஒரு ஷில்லிங். 1946 வரை அவை நடந்தன. சிறு மண்டபத்தின் ஆற்றலை எடின்பரோ அதற்கு வெகுகாலம் முன்பே அறிந்திருந்தது. 1763இல் திறக்கப்பட்ட செயின்ட் சிசிலியா மண்டபத்தில் இத்தாலியப் பாடகர் தெந்துச்சி ஸ்கொட்டிஷ் நாட்டார் பாடல்களைப் பாடக் கேட்டுத்தான் ஜோர்ஜ் தொம்சன் என்பவர் அவற்றைத் தொகுக்கப் புறப்பட்டார். பின்னர் ஹைடனிடமும் பேத்தோவனிடமும் கேட்டு அவற்றுக்கு வாத்திய இசை எழுதுவித்தார்.

குறைகளும் உண்டு. இசைக் கல்லூரியில் தேர்ந்த இளைஞர்கள் சில வேளை நடன மெட்டை யாராலும் ஆட முடியாத வேகத்தில் வாசித்துத் தள்ளுகிறார்கள். கைத்தட்டல் கிடைக்கிறது, ஆட்டம் செத்துப்போகிறது. பைப்பின் பெரிய இசை, மெதுவான ஓர் அடிப்படை மெட்டிலிருந்து படிப்படியாக மாற்றங்களை எழுப்பும் அந்த நெடிய வடிவம், முக்கால் மணி நேரத்துக்குள் மற்றவற்றோடு நெருக்கிக்கொண்டு உட்காரும்போது மூச்சு முட்டுகிறது.

நீண்ட வடிவத்தைக் குறுக்கினால் என்ன ஆகும் என்பது கிழக்கு மாகாணத்துக்குத் தெரிந்த கேள்விதான். பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில், விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருக்கி மேடைக்குக் கொண்டு வந்தார். ‘இராவணேசன்’ அப்படி வந்த ஒன்று. படித்தவர்கள் கூத்தை மதிக்கத் தொடங்கியது அதனால்தான், அந்தக் கடன் பெரியது. ஆயினும் வட்டக்களரியின் இரவு அந்த மேடையில் ஏறவில்லை. கூத்தைப் பகலில் முக்கால் மணிக்குள் அடைக்க நான் சொல்லமாட்டேன். அம்பாவும் தாலாட்டும் ஒப்பாரியும் வேறு. அவை இயல்பிலேயே சிறியவை, சில பேர் கூடிய இடத்தில் பிறந்தவை, பகல் வெளிச்சத்திலும் பாடப்பட்டவை.

நம் திருகோணமலையின் பாலையூற்றில் வாழும் பறங்கியரின் கப்ரிஞ்ஞாவும் அப்படிப்பட்டதே. வயலினும் கிற்றாரும் றபானாவும் சேர்ந்த கல்யாண வீட்டு இசை. ஆய்வாளர் கென்னத் டேவிட் ஜாக்சன் இலங்கைப் பறங்கியரின் போர்த்துக்கேயப் பாட்டுக்களைச் சேகரித்து ‘சிங் விதவுட் ஷேம்’ என்ற நூலாக 1990இல் வெளியிட்டார். வெளிநாட்டவர் தேடி வந்து பதிவு செய்த இசையை, அதே நகரத்தில் பிறந்த நம்மில் எத்தனை பேர் ஒரு முறையாவது உட்கார்ந்து கேட்டிருக்கிறோம்?

துறைமுகத்தை ஒட்டிய பழைய ஒல்லாந்தர் கட்டடம் ஒன்றில், அல்லது ஒரு வாசிகசாலையில், இப்படி ஒரு கச்சேரிக்கு மாதம் ஒரு மதியம் போதும். ஐம்பது கதிரை. ஒலிபெருக்கி வேண்டாம், பொன்னாடை வேண்டாம், தலைமையுரை வேண்டாம். பாடுபவர் தனக்குப் பாட்டுத் தந்தவரின் பெயரைச் சொல்லட்டும். இழுக்க ஒரு கம்பா இருக்கட்டும், கேட்க வந்தவர்களும் அதன் மறுமுனையைப் பிடிக்கட்டும். பாடுபவருக்கு அன்றைய உழைப்புக்குக் குறையாத பணம் கொடுக்கப்பட வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஐயம் வேண்டாம். திருக்கடலூரிலும் சல்லியிலும் அம்பா தெரிந்த பெரியவர்கள் விடியுமுன் கடலுக்குப் பழகியவர்கள், இரவில் நேரத்தோடு படுப்பவர்கள். காலை வேலை முடிந்து, மீன் விற்று, குளித்துச் சாப்பிட்டபின் அவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வு பகல் ஒரு மணிக்குத்தான். முதல் கச்சேரிக்கு அவர்களைத்தான் அழைக்க வேண்டும்.