விண்மீனும் வெடிமருந்தும்



வாணவெடியில் மலரும் சிவப்பு, ஸ்ட்ரான்சியத்தின் நிறம். பச்சை, பேரியத்தின் நிறம். ஒவ்வொரு தனிமத்திற்கும் தனி நிறக்கோடுகள் உண்டு எனப் புன்சனும் கிர்க்காஃபும் 1860-இல் நிறுவினர். அதனாலன்றோ எட்டாத விண்மீனில் உள்ள பொருளையும் மனிதன் அறிந்தான்!

கையெட்டும் பொருளை அறிந்தானா? நீர் தீயை அணைக்கும் என்பது உலகறிந்தது. ஆயின், அலுமினியப் பொடி கலந்த பட்டாசு மருந்து ஈரம் பட்டால் உள்ளே சூடேறித் தானே தீப்பற்றக்கூடும். வேதியியல் கூறும் இதனைத் தாயில்பட்டியில் மருந்து கலப்பவரும் அறிதல் வேண்டாவா?

சிவகாசி வட்டாரத்து முதலிப்பட்டியில் 2012 செப்டம்பர் 5 அன்று நேர்ந்த வெடிவிபத்தில் ஏறத்தாழ 40 பேர் மாண்டனர். இத்தகைய சாவுகளை உலகம் ‘விதி’ என்கிறது. காரணம் அறியப்பட்டதற்கு விதியென்று பெயரிடுதல் தகாது. அக்காரணத்தை உழைப்போர்க்கு எளிய தமிழில் எடுத்துரைப்பது தமிழ் கற்றோர் கடன்.