ஸபா மக்களும் நமது விடுமுறைப் பயணமும்

 

 

பள்ளிக்கூடங்களுக்கு விடுமுறை நெருங்குகிறது. 'எங்கே போகலாம்?' என்ற பேச்சு வீடுகளில் எழுந்திருக்கும். இந்தப் பேச்சிலும் மார்க்கம் நமக்குச் சொல்வதற்கு ஏதேனும் இருக்கிறதா என்பதை இன்று சிந்திப்போம்.

திருக்குர்ஆனில் ஸபா என்ற அத்தியாயம் உண்டு. யமன் நாட்டில் வாழ்ந்த ஸபா மக்களைப் பற்றி அதில் அல்லாஹ் கூறுகிறான் (34:15-19). அவர்களுக்கு வலமும் இடமும் தோட்டங்கள் இருந்தன. பெரும் அணை இருந்தது. இவற்றுடன் இன்னோர் அருட்கொடையையும் இறைவன் அங்கே எடுத்துச் சொல்கிறான். வழி நெடுக அடுத்தடுத்து ஊர்கள் தென்படும்படி அமைத்து, இரவிலும் பகலிலும் அச்சமின்றிப் பயணம் செய்யும் வசதியை அவர்களுக்கு அவன் தந்திருந்தான். அம்மக்களோ நன்றி மறந்தார்கள். எளிதாக இருந்த பயணத்தின் தொலைவை அதிகமாக்கும்படி அவர்களே கேட்டார்கள். முடிவில் அணை உடைந்தது, தோட்டங்கள் அழிந்தன, அவர்கள் சிதறிப்போய் வெறும் கதையாக ஆகிவிட்டார்கள்.

அச்சமற்ற, எளிதான பயணமும் ஒரு நிஃமத் என்பது இதிலிருந்து விளங்குகிறது. அந்த நிஃமத் இன்று நம் கையில் இருக்கிறது. காலையில் பேருந்து ஏறினால் மாலைக்குள் மாநிலத்தின் மறுகோடியில் இறங்கிவிடலாம். இதற்கு நாம் எவ்வாறு நன்றி செலுத்துகிறோம்?

மிம்பரில் பேசியவனின் வீடு

அடுத்தவரைக் கேட்பதற்கு முன், என் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

பூமியில் பயணம் செய்து, படைப்பு எவ்வாறு தொடங்கியது என்பதைப் பார்க்குமாறு அல்லாஹ் ஏவுகிறான் (29:20). இந்த வசனத்தைப் பல ஆண்டுகளாக நான் மிம்பரில் விளக்கி வந்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வீடு திரும்பியபோது என் துணைவியார் சோறு பரிமாறிக்கொண்டே கேட்டார்: "நன்றாகப் பேசினீர்கள். ஊரையெல்லாம் பயணம் போகச் சொல்கிறீர்கள். கல்யாணம் ஆகிப் பதினெட்டு வருஷத்தில் ஆஸ்பத்திரிக்கும் கல்யாண வீட்டுக்கும் அல்லாமல் என்னை எங்கே அழைத்துப் போனீர்கள்?"

என்னிடம் பதில் இல்லை. ஐவேளைத் தொழுகை, மக்தப் பிள்ளைகள், நிகாஹ், ஜனாஸா என்று காரணங்கள் உண்டு. ஆனால் குடும்பத்திற்கும் நம்மீது உரிமை உண்டு என்பதை ஊருக்குப் படித்துக் காட்டியவன் நான்தான். நபி (ஸல்) அவர்கள் ஒரு பயணத்தின்போது அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப் பந்தயம் ஓடினார்கள் என்ற செய்தியையும் நான்தான் சொல்லியிருக்கிறேன். சமுதாயப் பொறுப்பு முழுவதையும் சுமந்த அந்த மாநபிக்கு அதற்கு நேரம் இருந்தது. எனக்கு இல்லையாம்!

அடுத்த வாரமே ஜமாஅத்தாரிடம் ஒரு நாள் விடுப்புக் கேட்டேன். மகிழ்ச்சியோடு தந்தார்கள். அதுவரை நான் கேட்கவில்லை என்பதே உண்மை.

கல்லணை

நாங்கள் காவிரிப் பாசனத்தில் வாழும் மக்கள். எங்கள் ஊரிலிருந்து கல்லணைக்குப் பேருந்தில் இரண்டு மணி நேரம்தான். ஆயினும் எங்கள் வீட்டில் எவரும் அதைப் பார்த்ததில்லை. முழங்கால் வலியால் அவதிப்படும் என் உம்மாவையும் கைத்தாங்கலாக அழைத்துச் சென்றோம்.

ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் கரிகால் சோழன் கட்டிய அணை அது. பாறை தட்டாத ஆற்று மணலில் பெருங்கற்களைப் போட்டு, அவை புதைந்து நிலைகொண்ட பின் அவற்றின் மேல் கற்களை அடுக்கி எழுப்பினார்கள். 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் இந்த அணையை ஆராய்ந்து, மணலில் அடித்தளம் இடும் கலையை இங்கேதான் கற்றார். இன்றும் காவிரி, வெண்ணாறு, கொள்ளிடம், கல்லணைக் கால்வாய் என்று நீர் அங்கிருந்தே பிரிந்து செல்கிறது.

உம்மா படித்துறையில் அமர்ந்து தண்ணீரில் கை வைத்தார். "ஐம்பது வருஷமாக இந்தத் தண்ணீரில் விளைந்த நெல்லைத்தான் ஆக்கிப் போட்டேன். இது எங்கிருந்து பிரிந்து வருகிறது என்று இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றார். சற்று நேரம் கழித்து, "உன் அத்தா பார்த்திருக்கலாம்" என்றார். கடைமடை வயலில் தண்ணீர் வருமா என்று இரவெல்லாம் வாய்க்கால் கரையில் காத்துக் கிடந்தவர் என் தந்தை. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இரண்டு மணி நேரத் தொலைவுதான்! நான் அழைத்துப் போயிருக்கலாம்.

சகோதரர்களே! ஸபா மக்களின் அணை உடைந்த வரலாற்றை ஓதுகிறோம். உடையாமல் நமக்குச் சோறு தந்துகொண்டிருக்கும் அணையைப் பார்த்து 'அல்ஹம்து லில்லாஹ்' சொல்ல வேண்டாமா?

வேடந்தாங்கல்

அதற்குப் பிறகு விடுமுறைதோறும் ஓரிடம் என்று வைத்துக்கொண்டோம். என் பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்துப்போனது செங்கல்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கல். நவம்பருக்குப் பின் அந்த ஏரியின் மரங்களில் நாரைகளும் கூழைக்கடாக்களும் நீர்க்காகங்களும் நிறைந்திருக்கும். கடல் கடந்து வருகின்ற பறவைகளும் உண்டு. இறக்கைகளை விரித்தும் மடக்கியும் தலைக்கு மேல் பறப்பவற்றை அர்ரஹ்மானைத் தவிர வேறெவரும் தாங்கிக்கொண்டிருக்கவில்லை என்ற கருத்தை (67:19) என் மகனுக்கு நான் அங்கே விளக்க வேண்டியிருக்கவில்லை. அவன் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் பறவைகளை அந்த ஊர் மக்களே தலைமுறை தலைமுறையாகக் காத்து வருகிறார்கள். 1798ஆம் ஆண்டிலேயே அன்றைய கலெக்டரிடம் முறையிட்டு, அங்கே பறவைகளைச் சுடக்கூடாது என்று எழுதி வாங்கியவர்கள் அவர்கள். பறவைகள் அஞ்சும் என்பதால் பட்டாசு வெடிப்பதையும் தவிர்க்கிறார்கள். பறவைகளின் எச்சம் கலந்த ஏரி நீர் அவர்களுடைய வயலுக்கு உரமாகிறது. உயிருள்ள ஒவ்வொன்றுக்கும் உதவுவதில் நன்மை உண்டு என்றும், தாகித்த நாய்க்கு நீர் புகட்டியவர் மன்னிக்கப்பட்டார் என்றும் நபிமொழியில் படிக்கிறோம். அத்தகைய இரக்கத்தை ஓர் ஊரே கடைப்பிடிப்பதை அங்கே கண்ணால் காணலாம்.

தனுஷ்கோடி

தென்கோடியில் இராமேசுவரம் தீவின் முனையில் இருக்கிறது தனுஷ்கோடி. ஒரு காலத்தில் சென்னையிலிருந்து ரயிலில் வருவோர் இங்கே கப்பலேறித் தலைமன்னாருக்குச் செல்வார்கள். ரயில் நிலையம், தபால் நிலையம், பள்ளிக்கூடம், தேவாலயம் எல்லாம் இருந்த ஊர். 1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயலில் எல்லாம் முடிந்துவிட்டது. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயிலும், அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரும் கடலுக்கு இரையானார்கள். 2017 முதல் அரிச்சல்முனை வரை சாலை இருக்கிறது. போகும் வழியில் இடிந்த சுவர்களைக் காணலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். அழிந்த ஊரைக் கண்டதும், 'இவர்கள் என்ன பாவம் செய்தார்களோ' என்று பேசுவோர் உண்டு. அப்படித் தீர்ப்புச் சொல்ல நமக்கு அதிகாரம் இல்லை. நீரில் மூழ்கி இறந்த முஃமின் ஷஹீதுடைய தரத்தைப் பெறுகிறார் என்றல்லவா நபி (ஸல்) அவர்கள் கூறியிருக்கிறார்கள்! அந்தச் சுவர்களுக்கு முன் நின்று ஒவ்வொருவரும் தம்மைப் பற்றியே கேட்டுக்கொள்ள வேண்டும்: 'அன்று இரவு உறங்கச் சென்றவர்களைப் போலத்தானே நானும் நாளைக்கென்று திட்டமிட்டு வைத்திருக்கிறேன்?' பூமியில் பயணம் செய்தும் படிப்பினை பெறாதவர்களின் கண்கள் குருடாவதில்லை, நெஞ்சிலுள்ள உள்ளங்களே குருடாகின்றன என்ற கருத்தை இறைமறை (22:46) சொல்வது இதைத்தான்.

கீழக்கரையும் எட்டயபுரமும்

திரும்பும் வழியில் இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரைக்குச் சென்று வரலாம். வள்ளல் சீதக்காதி வாழ்ந்த ஊர். அங்குள்ள பழைய ஜும்ஆ பள்ளிவாசலின் கருங்கல் தூண்களைப் பார்த்து என் மகள் கேட்டாள்: "அத்தா, இது ஏன் கோயில் மண்டபம் மாதிரி இருக்கிறது?" நான் சொன்னேன்: "இந்த மண்ணில் கல் செதுக்கத் தெரிந்தவர்களின் கைவேலை இப்படித்தான் இருக்கும், மகளே. நம் முன்னோர் இந்த மண்ணின் கல்லில், இந்த மண்ணின் முறையில்தான் அல்லாஹ்வுக்கு இல்லம் கட்டினார்கள்."

சீறாப்புராணம் பாடிய உமறுப் புலவருக்கு எட்டயபுரத்தில் மணிமண்டபம் இருக்கிறது. 1882இல் பாரதியார் பிறந்த வீடும் அதே ஊரில்தான். நபிகளாரின் வாழ்வைத் தமிழில் பாடியவரும், தேசத்தைப் பாடியவரும் ஒரே ஊருக்குப் பெருமை சேர்த்திருக்கிறார்கள். இதைப் பார்த்து வளரும் பிள்ளையிடம் 'இது உன் ஊர், உன் நாடு' என்று தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. எவரேனும் அவனிடம் வேறுவிதமாகப் பேசினாலும் அவன் கலங்க மாட்டான்.

பயணத்தின் ஒழுங்குகள்

சகோதரர்களே! கடன் வாங்கிச் சுற்றுலா செல்லாதீர்கள். பக்கத்து வீட்டார் போனார்கள் என்பதற்காகவும் செல்லாதீர்கள். கட்டுச்சோறும் பேருந்தும் போதும். நான் மேலே சொன்ன எந்த இடமும் பணக்காரருக்கு மட்டும் உரியதன்று.

மூவர் பயணம் சென்றால் ஒருவரைத் தலைவராக ஆக்கிக்கொள்வது நபிவழி. தொழுகையை விட்டுவிடாதீர்கள். தொலைதூரப் பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கும் சலுகை இருக்கிறது. தூரம், நாட்கள் பற்றிய சட்டம் மத்ஹபுக்கேற்ப வேறுபடுவதால் புறப்படும் முன் உங்கள் இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நீர்நிலையையும் நடைபாதையையும் நிழலையும் அசுத்தப்படுத்துவது சாபத்திற்குரிய செயல் என்று நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். சுற்றுலாத் தலம் என்பதே நீரும் பாதையும் நிழலும்தானே! சாப்பிட்ட இலையையும் நெகிழிப் பையையும் அங்கே வீசிவிட்டு வருபவர் இந்த எச்சரிக்கையை மறந்துவிடக் கூடாது.

வீட்டுப் பெண்களை அழைத்துச் சென்று, அங்கேயும் அவர்களையே சமைக்க வைத்து, நாம் மட்டும் சுற்றிப் பார்ப்பது பயணமாகாது. அன்று சோற்றுப் பொட்டலத்தை நீங்கள் பிரியுங்கள். உங்களில் சிறந்தவர் தம் குடும்பத்தாரிடம் சிறந்தவரே என்பது நபிகளாரின் வாக்கு அல்லவா?

பெற்றோர் உயிரோடு இருப்பவர்களுக்கு இறுதியாக ஒன்று. 'அடுத்த விடுமுறைக்குப் பார்க்கலாம்' என்று தள்ளிப் போடாதீர்கள். இன்றிரவு அவர்கள் அருகில் அமர்ந்து, "உங்களுக்கு எந்த இடத்தைப் பார்க்க ஆசை?" என்று கேளுங்கள். ஒருவேளை அது இரண்டு மணி நேரத் தொலைவில் இருக்கலாம்.

நம் நாட்டில் அச்சமற்ற பயணத்தையும், பார்த்ததிலிருந்து படிப்பினை பெறும் உள்ளத்தையும், கிடைத்ததற்கு நன்றி செலுத்தும் நாவையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!